மின்னஞ்சலில் போகாத காணி உறுதி

வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு கொழும்புத்துறைப் பக்கத்தில் குறைவு. அந்தப் பிள்ளையிடமிருந்து ஒருநாள் திடீரென்று தொலைபேசி வரும். "அம்மா, காணி உறுதி, உங்கட கலியாண எழுத்து, என்ர பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி ஈமெயிலில விடுங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முதல் லோயருக்குக் குடுக்கவேணும்." அம்மா உறுதிப் பையை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கொமினிகேஷன் கடைக்குப் போவார். கடைத் தம்பியும் ஒவ்வொரு பக்கமாக வைத்து ஸ்கான் செய்வார். சிறிது நேரத்தின் பின், "அன்ரி, சைஸ் கூடிப்போச்சு, போகுதில்லை. நாளைக்கு வாங்கோ, பாப்பம்" என்பார்.

அந்த நாளை சில வேளை வெள்ளிக்கிழமையாகவே இருந்துவிடும்.

"சைஸ் கூடிப்போச்சு" என்பது என்ன, அதைச் சரிசெய்வது எப்படி என்பதைச் சகோதரிகள் ஒருமுறை விளங்கிக்கொண்டால் போதும். கடைக்காரரிடம் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லவும் முடியும், வீட்டிலே கணினி இருந்தால் தாமே செய்யவும் முடியும். சங்கங்களிலும் பாடசாலைகளிலும் சிறு அலுவலகங்களிலும் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களைப் பாவித்து மின்னஞ்சல் அனுப்பும் பெண்களுக்கு இது அன்றாடத் தொல்லை.

மின்னஞ்சலோடு படமோ ஒலியோ சேர்த்து அனுப்பும் முறை நெடுங்காலம் இருந்ததொன்றல்ல. 'மைம்' என்று சொல்லப்படும் அந்த முறையை நதானியேல் போரென்ஸ்ரீன், நெட் ஃபிரீட் என்ற இருவர் வகுத்தனர். அம்முறையில் முதலாவது இணைப்பை 1992 மார்ச் 11 ஆம் திகதி அமெரிக்காவிலிருந்து போரென்ஸ்ரீன் அனுப்பினார். என்றோ ஒருநாள் தமக்குப் பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள், அவர்களின் படங்கள் மின்னஞ்சலில் வரவேண்டும் என்பதே தமது ஆசை என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த 1992 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, வெளியூரோடு கதைக்கத் தொலைபேசி இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். வெளிநாட்டுப் பேரப்பிள்ளையின் படம் ஒரு கடிதத்துக்குள் மாதக்கணக்கில் அலைந்து வந்து சேர்ந்தால் அது பெரிய காரியம்.

2002 இன் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு இணைய நிலையங்கள் இங்கே பெருகின. அப்போதைய தொலைபேசி இணைப்பு வேகத்தில் 5 மெகாபைற்றுப் படமொன்றை அனுப்ப 20 நிமிடத்துக்கு மேல் வேண்டும். பெறுபவரின் பெட்டியும் சின்னது. ஹொட்மெயிலின் இலவச அஞ்சல்பெட்டியில் 2004 வரை மொத்தமாக இருந்த இடமே 2 மெகாபைற்றுத்தான். 2004 ஏப்ரல் 1 இல் ஜிமெயில் 1000 மெகாபைற்று இடம் தருவதாக அறிவித்தபோது பலர் அதை முட்டாள்தினப் பகிடி என்றே நினைத்தார்கள்.

அக்காலத்தில் நமக்கு இன்னொரு கரைச்சலும் இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதனால் பலர் கடிதத்தையே படமாக ஸ்கான் செய்து அனுப்பினார்கள். யுனிகோட் வந்தபின் அந்தத் தேவை இல்லை. ஆனால் பழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை. யுனிகோட்டில் 'கொழும்புத்துறை' என்ற சொல்லுக்குத் தேவையான இடம் 42 பைற்று. ஒரு முழுப்பக்கக் கடிதமே சில ஆயிரம் பைற்றுக்குள் அடங்கும். அதே பக்கத்தைப் படமாக்கினால் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் கனக்கும். எனவே உங்கள் விளக்கக் கடிதத்தை மின்னஞ்சலிலேயே தட்டச்சுச் செய்யுங்கள். கையொப்பமும் முத்திரையும் இருக்கவேண்டிய பத்திரங்களை மட்டும் படமாக்குங்கள். சங்கக் கூட்ட அறிக்கையை அச்சடித்து, பிறகு அதையே ஸ்கான் செய்து அனுப்பும் வீண்வேலை இன்றும் பல இடங்களில் நடக்கிறது. அறிக்கை கணினியில் ஏற்கெனவே கோப்பாக இருக்கிறதே!

இனி அந்த எல்லைகளுக்கு வருவோம். ஒரு மின்னஞ்சல் மூன்று வாசல்களைக் கடக்கவேண்டும். முதலாவது, நமது கணினியிலுள்ள மென்பொருள். அவுட்லுக்கில் சாதாரண இணையக் கணக்குகளுக்கு மொத்த இணைப்பு 20 மெகாபைற்றுக்கு மேற்பட்டால் 'சென்ட்' பொத்தானை அழுத்த முன்னரே மறுப்புச் செய்தி வரும். இரண்டாவது, நமது மின்னஞ்சல் சேவை. ஜிமெயிலில் அனுப்பக்கூடிய ஆகக்கூடிய அளவு 25 மெகாபைற்று. மூன்றாவது, பெறுபவரின் சேவை. நமக்குத் தெரியாத வாசல் இதுதான். சட்டத்தரணி அலுவலகமோ தூதரகமோ 10 மெகாபைற்றுக்கு மேல் ஏற்பதில்லை என்று வைத்திருக்கலாம். ஆகவே "என்ர மகளின்ர ஜிமெயிலுக்குப் போச்சுதே" என்பது அலுவலகத்துக்கும் போய்ச்சேரும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணினியில் 20 எம்.பி. என்று காட்டும் கோப்பு, மின்னஞ்சலில் ஏறியதும் 27 எம்.பி. ஆகிவிடுகிறது. மின்னஞ்சல் முதலில் எழுத்துகளை மட்டும் சுமக்க உண்டாக்கப்பட்டது. அதனால் படத்தையோ பிடிஎப்பையோ எழுத்துகளாக மாற்றித்தான் அது கொண்டுபோகும். அப்படி மாற்றும்போது ஒவ்வொரு 3 பைற்றும் 4 எழுத்தாகும். வரி முடிவுகளும் சேர, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே பாரம் ஏறும். சட்டை தைக்கும்போது மடிப்புக்கும் தையலுக்கும் துணி விட்டு வெட்டுகிறோம் அல்லவா? அதுபோல் இங்கும் விடவேண்டும். எல்லை 25 என்றால் 18 எம்.பி. வரைதான் நம்பி அனுப்பலாம். 20 என்றால் 14, 10 என்றால் 7. இந்தக் கணக்குத் தெரியாததால்தான், "20 தானே, 25 க்குக் குறைவுதானே, ஏன் போகுதில்லை?" என்று மணிக்கணக்காக மினக்கெடுகிறோம். பெறுபவரின் எல்லை எதுவென்று தெரியாவிட்டால் 7 எம்.பி. க்குள் அடக்குவதே புத்தி.

எப்படி அடக்குவது? பாரத்தை அனுப்பும் நேரத்தில் குறைக்க முயல்வதைவிட ஸ்கான் செய்யும் நேரத்தில் குறைப்பது நல்லது. ஸ்கானரில் 'டிபிஐ' என்றொரு அளவு உண்டு. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதே அதன் பொருள். ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ யில் நிறத்தோடு எடுத்தால், சுருக்க முன்னர் அது 26 எம்.பி. அதே தாளை 200 டிபிஐ யில் சாம்பல் நிறத்தில் எடுத்தால் 4 எம்.பி. க்கும் குறைவு. கோப்பாகச் சேமிக்கும்போது இரண்டுமே மேலும் பல மடங்கு சுருங்கும். ஆனால் முன்னையது எப்போதும் பின்னையதை விட மிகப் பாரமாகவே இருக்கும். தட்டச்சு எழுத்துள்ள பத்திரத்துக்கு 200 டிபிஐ தாராளம். கடைக்காரர் பெரும்பாலும் இயந்திரம் எப்படி இருக்கிறதோ அப்படியே ஸ்கான் செய்வார். "தம்பி, இருநூறிலை, கிரேயிலை எடுங்கோ" என்று சொன்னால் போதும், அவருக்கு விளங்கும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. நமது உறுதிகள் சாதாரணமானவையல்ல. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது நகையோடு சேர்த்து உறுதிப் பையையும் மார்போடு அணைத்துக்கொண்டு போன பெண்கள் எத்தனை பேர்! மழையில் நனைந்து, மடிப்பில் கிழிந்து, மை கரைந்து கிடக்கும் அந்தத் தாள்களை 200 டிபிஐ யில் எடுத்தால் நொத்தாரிசின் இலக்கமும் காணியின் எல்லை விபரமும் வாசிக்க முடியாமல் போய்விடும். அப்படிப்பட்ட பக்கத்தை 300 இலேயே எடுக்கவேண்டும். முத்திரையும் கையொப்பமும் உள்ள பக்கத்தை நிறத்தோடு எடுக்கவேண்டும். மீதிப் பக்கங்களைச் சாம்பல் நிறத்தில் விட்டால் மொத்தப் பாரம் குறைந்துவிடும். முழுக் கறுப்பு வெள்ளையை நான் சிபார்சு செய்யமாட்டேன். பாரம் மிகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மங்கிய ஊதா முத்திரை அதில் காணாமலே போய்விடும். முத்திரை தெரியாத பத்திரத்தை எந்த அலுவலகம் ஏற்கும்?

ஸ்கான் செய்ததைக் கணினித் திரையில் முழு அளவுக்குப் பெருப்பித்து, உறுதி இலக்கம், திகதி, பெயர்களின் எழுத்துகள் ஆகியவற்றை நீங்களே விரல் வைத்து வாசித்துப் பாருங்கள். கடையில் வரிசை நிற்கிறது என்று கூச்சப்பட வேண்டாம். காசு கொடுத்துத்தானே செய்விக்கிறோம்.

கைத்தொலைபேசியில் எடுத்த படங்கள் வேறு கதை. ஒரு படமே 3 முதல் 5 எம்.பி. வரும். ஆறு படம் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். வின்டோஸ் கணினியில் படங்களைத் தெரிவு செய்து, வலது பொத்தானை அழுத்தி 'சென்ட் ரூ', 'மெயில் றிசிப்பியன்ற்' என்று போனால், படத்தின் அளவைச் சிறிதாக்கவா என்று அதுவே கேட்கும். 1024க்கு 768 என்ற நடுத்தர அளவைத் தெரிந்தால் ஒவ்வொரு படமும் சில நூறு கிலோபைற்றாகிவிடும். அவுட்லுக் மென்பொருளிலும் மடல் எழுதும் பக்கத்தில் 'ஃபைல்' பட்டியின் கீழ், பெரிய படங்களைச் சிறிதாக்கி அனுப்பும் தெரிவொன்று உண்டு. கலியாண வீட்டுப் படங்களுக்கும் கோயில் திருவிழாப் படங்களுக்கும் இது நல்ல வழி. உறுதிக்கும் அடையாள அட்டைக்கும் இந்த அளவு போதாது, எழுத்து மங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் பத்திரத்தைப் படமாக அனுப்பும்போதும் இதேதான் நடக்கிறது. அது சொல்லாமலே படத்தைச் சுருக்கிவிடும். பிள்ளை அதைத் தரவிறக்கி அலுவலகத்துக்கு அனுப்ப, "தெளிவில்லை, திரும்ப அனுப்பவும்" என்று பதில் வரும். வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவதென்றால் 'டொக்கியுமென்ற்' என்ற வழியால் அனுப்புங்கள், அப்போது சுருங்காது.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். சிறிதாக்குவதெல்லாம் பிரதியில்தான். மூலக் கோப்பில் ஒருபோதும் கை வைக்கக் கூடாது. 2016 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உண்டானது. அதற்கு முன்னரும் ஆணைக்குழுக்கள் பல வந்துபோயின. ஒவ்வொன்றுக்கும் கணவனின் அல்லது மகனின் படத்தையும் முறைப்பாட்டுத் துண்டுகளையும் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்துக் கொடுத்த தாய்மாரும் மனைவிமாரும் நம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களிற் பலரிடம் அந்த மனிதரின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை 600 டிபிஐ யில் நிறத்தோடு ஒருமுறை ஸ்கான் செய்து, அந்தப் பெரிய கோப்பை ஒரு பென்ட்ரைவிலும் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் வைத்துவிடுங்கள். மின்னஞ்சலுக்கு அதன் சிறு பிரதியை மட்டும் பாவியுங்கள். சிறிதாக்கி மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டால் முகத்தின் தெளிவு திரும்ப வராது.

"சிப்" பண்ணினால் சிறிதாகுமே என்று சிலர் கேட்பார்கள். எழுத்துக் கோப்புகள் சிறிதாகும். ஸ்கான் படங்களும் கைத்தொலைபேசிப் படங்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மீண்டும் அமுக்கினால் கிடைக்கும் இலாபம் மிகச் சொற்பம். பல கோப்பை ஒரே கட்டாகக் கட்டுவதற்கே சிப் உதவும். பெரிய கட்டைத் துண்டுகளாக வெட்ட செவன் சிப் போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு. முன்பு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தானாகவே பெரிய மடலைத் துண்டாக்கி அனுப்பும். எதிர்ப்பக்கத்தில் அதை ஒட்டத் தெரியாவிட்டால் எல்லாம் குப்பையாகத் தெரியும். இப்போதும் நிலைமை அதுதான். நான்கு துண்டில் ஒன்று தவறினாலும் முழுக் கட்டும் திறக்காது. உங்கள் பிள்ளைக்கு அனுப்புவதென்றால் பரவாயில்லை. முன்பின் தெரியாத உத்தியோகத்தர் இருந்து துண்டு ஒட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. சில அலுவலகங்களின் பாதுகாப்பு ஏற்பாடு சிப் கோப்பைக் கண்டவுடனேயே தடுத்துவிடும்.

அதைவிட, பத்திரங்களைப் பிரித்து இரண்டு மூன்று மடலாக அனுப்புவது எளிது. ஆனால் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு மடலின் தலைப்பிலும் பெயர், விண்ணப்ப இலக்கம், "3 இல் 1", "3 இல் 2" என்று எழுதுங்கள். முதல் மடலிலேயே மொத்தம் எத்தனை பத்திரம், எது எந்த மடலில் என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மடலை மட்டும் பார்த்து "பத்திரங்கள் போதாது" என்று கோவையை மூடிவிடக்கூடும். கோப்புகளின் பெயரை எண்ணோடு ஆங்கிலத்தில் சுருக்கமாக வைப்பதும் நல்லது. தமிழ்ப் பெயர் சில பழைய கணினிகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும்.

இன்னொரு வழி இணைப்புக்குப் பதிலாகச் சுட்டி அனுப்புவது. கோப்பைக் கூகிள் ட்ரைவ் போன்ற இடத்தில் ஏற்றி, அதன் முகவரியை மட்டும் மடலில் வைப்பது. ஜிமெயிலின் இணையப்பக்கத்தில் 25 எம்.பி. தாண்டினால் அது தானாகவே இப்படிச் செய்துவிடும். கணினியிலுள்ள மென்பொருளிலிருந்து ஜிமெயில் கணக்கால் அனுப்பும்போது அப்படி நடப்பதில்லை, மடல் நின்றுவிடும். தண்டர்பேர்ட் மென்பொருளில் 'ஃபைல்லிங்க்' என்ற வசதி 2012 முதல் இருக்கிறது. ஆனால் அதற்கொரு சேமிப்புக் கணக்கை முன்கூட்டியே இணைத்து வைக்கவேண்டும். பெரிய கோப்புக்குச் சுட்டிதான் இலேசான வழி என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனினும் காணி உறுதிக்கும் அடையாள அட்டைக்கும் நான் யோசித்துத்தான் செய்வேன். "சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம்" என்று விட்டால் அந்த முகவரி கைமாறும் இடமெல்லாம் உங்கள் உறுதியும் போகும். "குறிப்பிட்டவர் மட்டும்" என்று பூட்டினால், அலுவலகத்தில் திறப்பவர் வேறொருவராக இருக்க, அனுமதி கேட்டு உங்களுக்கு நடுச்சாமத்தில் மடல் வரும். நீங்கள் காலையில் பார்க்கும்போது அங்கே நேரம் முடிந்திருக்கும். அந்நியச் சுட்டிகளைத் திறக்கக் கூடாது என்ற விதியுள்ள அலுவலகங்களும் உண்டு. முதலில் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் அனுப்புங்கள். வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.

மடல் போகாமல் அவுட்பொக்ஸில் நின்றுவிட்டால் மென்பொருள் சும்மா இருக்காது. அவுட்லுக் வழமையாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் முயலும். 22 எம்.பி. மடலொன்று ஐந்து முறை முயன்றால் 110 எம்.பி. க்கு மேல் டேட்டா கரைந்துவிடும். டொங்கிளில் ரீலோட் போட்டுப் பாவிக்கும் வீட்டில் இது சின்ன நட்டமல்ல. பின்னால் நிற்கும் மடல்களும் போகாது. 'சென்ட் றிசீவ்' பட்டியிலுள்ள 'வேர்க் ஒஃப்லைன்' என்பதை அழுத்தினால் முயற்சி நிற்கும். பிறகு அவுட்பொக்ஸில் அந்த மடலைத் திறந்து இணைப்பை எடுத்துவிடலாம்.

இதைவிட மோசமானது, போய்விட்டது என்று நினைத்திருக்கத் திரும்பி வருவது. சில நிமிடத்திலோ மறுநாளோ 'மெயில் டெலிவரி சப்சிஸ்ரம்' அல்லது 'போஸ்ற்மாஸ்ரர்' என்ற பெயரில் நீண்ட ஆங்கில மடல் ஒன்று வரும். விளம்பரமாக்கும் என்று பலர் திறக்காமலே அழித்துவிடுகிறார்கள். அதைத் திறந்து இலக்கங்களை மட்டும் தேடுங்கள். 552 அல்லது 5.3.4 என்று கண்டால் மடல் பெரிது, ஏற்கப்படவில்லை என்று பொருள். 550, 5.1.1 என்று கண்டால் பெரும்பாலும் முகவரி பிழை. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இலக்கம் எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பம் அனுப்பிய நாளிலும் மறுநாளிலும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

சில வேளை மடல் சேர்ந்திருக்கும், ஆனால் "வின்மெயில் டாட் என்று ஏதோ வந்திருக்கு, உறுதியைக் காணேல்லை" என்பார்கள். அது அளவுப் பிரச்சினையல்ல. அவுட்லுக் தனக்கேயுரிய 'றிச் ரெக்ஸ்ற்' வடிவில் அனுப்பிவிட்டது. மடலின் வடிவத்தை 'எச்ரிஎம்எல்' என்றோ 'பிளெயின் ரெக்ஸ்ற்' என்றோ மாற்றி மீண்டும் அனுப்பினால் சரி.

கடைசியாகக் கடையை விட்டு வெளியேற முன் செய்யவேண்டியது. உங்கள் உறுதியும் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் அந்தக் கணினியின் முகப்பிலேயே கோப்பாகக் கிடக்கும். அடுத்து வருபவர் அதைத் திறந்து பார்க்கலாம். கடைத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும், கணினி எல்லோர் கைக்கும் போவது. கோப்புகளை உங்கள் பென்ட்ரைவுக்கு மாற்றி, கணினியில் உள்ளதை அழித்து, 'றிசைக்கிள் பின்' கூடையையும் வெறுமையாக்கச் சொல்லுங்கள். கடையின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் 'சென்ற்' பெட்டியிலும் ஒரு பிரதி இருக்கும், அதையும் அழிப்பியுங்கள். ஆனால் அந்தக் கணக்குக்குத்தான் பதிலும், திரும்பி வரும் 552 மடலும் வரும் என்பதை மறக்கவேண்டாம். இயலுமானால் உங்களுக்கென்று ஒரு ஜிமெயில் முகவரி எடுத்து அதிலிருந்தே அனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்து, "வந்திட்டுதோ?" என்று மட்டும் கேளாமல், "எத்தனை பக்கம் வந்தது, கடைசிப் பக்கத்தில உறுதி இலக்கம் வாசிக்கக்கூடியதா இருக்கோ?" என்று கேளுங்கள்.